ஐந்து பேர் வந்தால் என்ன ஆகும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. உன் அக்காவுக்கு முழங்கால் வலி, எனக்குக் காது மந்தம். இந்த இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகள் மூவரும் எதையும் தள்ளாமலே நலமாக இருக்க வேண்டும்.

போன வாரம் தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "மொட்டை மாடில உங்க வீட்டுக்காரர் ஒரு ரூம் போட்டிருக்காராமே. நாங்க அஞ்சு பேர் வந்தா என்ன அத்தான் ஆயிடப் போகுது?" நான் வாயெடுப்பதற்குள் உன் அக்கா தொலைபேசியை வாங்கிக்கொண்டு, அந்த ரூமுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று தொடங்கிவிட்டாள். வகுப்பில் யாராவது ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உனக்கு இந்த ஊருக்கு மாற்றலாகிவிட்டது, அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும், தெருத் தெருவாகத் தேடியும் வீடு அகப்படவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

இந்தக் கட்டடம் நாலு குடும்பத்துக்காகக் கட்டியது. முற்றத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு மோட்டார், தரைக்கடியில் ஒரு செப்டிக் டேங்க். பிறகு வீட்டுக்காரர் ஒரு மாடி எழுப்பினார்; அதன்மேல் இன்னொன்று எழுப்பினார்; ஒவ்வொரு வீட்டையும் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார். இப்போது மொட்டை மாடியில் ரூம். நாங்கள் அவருக்கு 'அடுக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். மேலே இவ்வளவு வளர்ந்தும் கீழே எதுவும் வளரவில்லை. அதே கிணறு, அதே மோட்டார், அதே டேங்க். கைக்குழந்தைக்குத் தைத்த சட்டையைக் கல்யாண வயதுப் பையனுக்கு மாட்டி, பொத்தானையும் போடு என்று சொல்கிற மாதிரி. இதை நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். "எல்லாம் நம்ம ஜனங்கதானே சார், அனுசரிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுச் செங்கல் இறக்கப் போய்விட்டார்.

முதலில் தண்ணீர் குறைந்தது. எல்லோரும் கூடிப் பேசி, காலையில் மட்டும் மோட்டார் போடுவது, வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். நல்ல முடிவுதான். ஆனால் நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தில் ஆளாளுக்குப் பெரிய டிரம் வாங்கினார்கள். டிரம் நிறையப் பிடித்தார்கள். மறுநாள் தண்ணீர் வந்ததும், டிரம்மில் மிச்சம் இருந்ததைப் பழைய தண்ணீர் என்று முற்றத்தில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார்கள். பூமிக்குள் எத்தனையோ தலைமுறை கிடந்தபோது பழசாகாத தண்ணீர், ஒரு ராத்திரி நம் வீட்டு டிரம்மில் கிடந்ததும் பழசாகிவிடுகிறது பார். ஆக, பங்கு போடுவதற்கு முன்னால் செலவானதைவிடப் பங்கு போட்ட பிறகு அதிகம் செலவாயிற்று. கொட்டிய தண்ணீர் தேங்கிக் கொசு வந்தது, கொசுவுக்குக் கொசுவத்தி வந்தது, எல்லா ஜன்னலிலும் புகை, புகையை விரட்ட எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்விசிறி, உடனே மின்சாரம் படுத்துக்கொண்டது, அதற்கு அடுக்கு ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுத் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே வைத்தார், வெள்ளையாகப் போட்ட துணி சாம்பலாகக் காய்ந்தது, மறுபடி துவைத்தோம், மறுபடி துவைக்க ஏது தண்ணீர், கிணறு இருமத் தொடங்கிவிட்டது, ஆகவே லாரித் தண்ணீர். தெருவில் லாரி நிற்க இடமில்லை, அங்கே எங்களைப் போன்ற மற்றக் கட்டடங்களின் வண்டிகள். முற்றத்தில் டிரம்மும் ஜெனரேட்டரும் போக மிச்சம் இருந்த ஒரே சமதளம் செப்டிக் டேங்கின் மூடிதான். லாரி அதன்மேல் வந்து நின்றது. மூடி உள்ளே போயிற்று, பின்சக்கரமும் துணைக்குப் போயிற்று. லாரிக்காரர் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு தொட்டிய நம்பியா சார் இத்தனை மாடி?" என்று கேட்டார்.

இதுவரை நான் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். அடுத்ததைச் சிரிக்காமல் படி. லாரி இறங்கிய அதிர்வில் டேங்கின் பக்கச்சுவர் வெடித்து, உள்ளே இருந்தது பக்கத்தில் இருக்கும் எங்கள் கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் லேசாக வாடை அடித்தது. பின்பக்கம் குடியிருக்கும் மெக்கானிக், மோட்டாருக்கு எண்ணெய் போட்டிருப்பார்கள் என்று சொன்னார், நாங்களும் நம்பினோம். எதிர் வீட்டுத் தையல்கார அம்மாவின் சின்னப் பெண்ணுக்குத்தான் முதலில் வாந்தி பேதி கண்டது. முதல் மாடி நர்ஸம்மா ஓடி வந்து, கண்ணையும் நாக்கையும் பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னார். குழந்தை பிழைத்து வந்தபோது, அம்மா தைத்து வைத்திருந்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊசியும் நூலுமாக அதைப் பிடித்துத் தைத்துக்கொண்டே அந்த அம்மா என்னிடம், "யாரைச் சொல்லி அழறது சார்? நானும்தானே தினம் கொட்டினேன்" என்றார்.

அதன் பிறகு குடிக்க எல்லோரும் கேன் தண்ணீர், பாட்டில் தண்ணீர். காலி பாட்டில்கள் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டன. மழை பெய்தது. எங்கள் தண்ணீர் அடுத்த கட்டடத்துக்குள் போயிற்று. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். உங்கள் குப்பை எங்கள் கூடத்தில் மிதக்கிறது என்றார்கள்; உங்கள் புகை எங்கள் சமையலறையில் சமைக்கிறது என்று நம்மவர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்பு சொன்னதும் உண்மை, அதனால்தான் சண்டை ஓயவில்லை. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று லாரிக்காரரைக் கேட்டேன். ஊருக்கு வெளியே ஓர் ஏரியாம். அங்கே இருப்பவர்களும் இப்போது லாரியை மறிக்கிறார்களாம். எங்கள் தாகம் லாரியேறி அவர்கள் ஊருக்குப் போய்விட்டது.

தலையை எண்ணினால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை மாப்பிள்ளை. மெக்கானிக் ஒண்டிக்கட்டை; வண்டி கழுவியே தையல்கார அம்மாவின் முழுக் குடும்பமும் செலவழிக்கிற தண்ணீரைத் தீர்க்கிறார். ஆனால் அவரைப் போல ஒருவர் இருந்தால் கிணறு மன்னித்துவிடும். மாடிக்கு ஒருவர் என்றால் மன்னிக்காது. ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம், இடித்துக்கொண்டு ஆறு பேரும் உட்காரலாம். ஏழாவது பிள்ளை உட்காரும்போது பெஞ்சு முறிந்தால், தப்பு ஏழாவது பிள்ளையுடையது என்று வகுப்பே சொல்லும். முறிந்தது ஏழு பேரின் கனத்தால்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: நீங்கள் ஐந்து பேர் வந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே குடிவந்த ஒவ்வொரு குடும்பமும் வருவதற்கு முன் யாரோ ஓர் அத்தானிடம் இதையே கேட்டிருக்கிறது, அந்த அத்தானும் ஒன்றும் ஆகாது என்றே சொல்லியிருக்கிறார். ஒன்றும் ஆகாதவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாடிக்கு மேல் மாடி கட்டலாம், பூமிக்கு மேல் இன்னொரு பூமி கட்ட அடுக்காலும் முடியாது. உன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன்: இங்கே வர வேண்டாம். வேறு இடம் பார். நானும் உன்னோடு அலைகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் மூவரும் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்; எங்கே போனாலும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் இடமாக அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "என் தம்பி வந்தாத்தான் கிணறு வத்துமா? நீங்க முகம் மழிக்கிறப்போ குழாயைத் திறந்து விட்டுட்டு உலகத்தை நினைச்சுக் கவலைப்படறீங்களே, அந்தத் தண்ணி யார் வீட்டுத் தண்ணி?" என்று கேட்டாள். அதோடு விடாமல் தையல்கார அம்மாவைக் கூப்பிட்டு, கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தும் காட்டினாள். அந்த அம்மா என் பக்கம் பேசுவார் என்றுதான் நினைத்தேன்.

"சார் எழுதினது அத்தனையும் நிஜம். ஆனா ரூம் காலியாவா கிடக்கும்? உங்க மச்சான் வரலேன்னா அடுக்கு வேற எட்டுப் பேரைக் கொண்டுவந்து வைப்பாரு. தண்ணியக் கொட்டாதீங்கன்னு முன்னபின்ன தெரியாதவங்கள நான் எப்படிச் சொல்றது? உங்க மச்சான்னா நீங்க சொல்லலாம், அக்கா திட்டவே திட்டலாம். வரச் சொல்லுங்க சார். ஆனா தொட்டியை இடிச்சுப் பெருசாக் கட்டாம ரூமைத் திறக்க விடாதீங்க."

பெண்ணைப் பறிகொடுக்க இருந்தவர் சொல்கிறார். மாலையில் எல்லோருமாகப் போய் அடுக்கிடம் பேசினோம். நாளை மறுநாள் தொட்டிக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ரூம் சாவியை உன் அக்கா போன வாரமே வாங்கி வைத்துக்கொண்டாள் என்பதை அடுக்கு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, குடும்பத்தோடு வந்து சேர்.

புறப்படுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்து பார். ஒரு நாள் விடிந்ததும் ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் குழாயை மூடு. மறுநாள் விடியும்வரை திறக்காதே.