நான் திருத்தும்வரை குசினி என்ரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விஜிதரன் ஒரு பெரிய முடிவெடுத்தான். வீட்டு மடிக்கணினிக்குள் குடியிருந்த லினக்ஸை அன்றைக்கே கிளப்பிவிடுவது.

கணினியைப் போட்டால் எந்த இயங்குதளம் வேண்டும், விண்டோஸா, லினக்ஸா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். விண்டோஸில் அவன் மனைவி சுகந்தினி வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பட அல்பங்கள் வடிவமைப்பாள். புளியங்குளத்தைச் சுற்றி அவளுக்கு நல்ல பெயர். லினக்ஸை யாரும் தொடுவதில்லை. அதை வைத்துவிட்டுப் போனவன் அவளுடைய தம்பி கிருசாந்தன். மச்சானின் சாமான் தன் வீட்டில் சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பதை விஜிதரனால் பொறுக்க முடியவில்லை. அந்த இடம் கிடைத்தால் புதிய கிரிக்கெட் விளையாட்டை இறக்கலாம்.

அழித்தான். இடம் வந்தது. கிரிக்கெட் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டபோது கணினி மட்டும் வரவில்லை. கறுப்புத் திரை, மூலையில் ஒற்றை ஆங்கில வரி. எதைத் திறப்பது என்று கேட்டுக்கொண்டு நின்ற வாசல்காவலனும் லினக்ஸின் ஆள்தான். அவனுடைய வீட்டை இடித்துவிட்டு அவனிடமே வழி கேட்டால் முழிக்காமல் என்ன செய்வான்? இதெல்லாம் பிறகு போனில் தேடித்தான் விஜிதரனுக்குத் தெரிந்தது.

சுகந்தினி வந்து பார்த்தாள். பரமேஸ்வரன் அண்ணையின் மகளின் அல்பம் உள்ளே கிடக்கிறது, வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும் என்றாள். தம்பிக்கு ஒரு போன் கோல் எடுத்தால் என்ன என்றும் கேட்டாள். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

“அவன் வைச்சதைத் தூக்கின எனக்கு இதைத் திருத்தத் தெரியாதே? நான் இதைத் திருத்துறவரைக்கும் குசினி என்ரை. நீர் பேசாமல் கதிரையிலை இரும்.”

“வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“ஓம்.”

அன்றிலிருந்து அரிசி ஆலை வேலை முடிந்து வந்தால் முதலில் குசினியில் அடுப்பு, பிறகு கணினி. பென் டிரைவைச் செருகினான், கழற்றினான், போன் சொன்ன கட்டளையெல்லாம் தட்டினான். திரை அசையவில்லை. அவன் அவித்த புட்டும் அப்படித்தான், கையால் உடைக்க முடியவில்லை. சுகந்தினி ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள். பாவம், களைச்சுப்போனியள் என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு பொறுமைசாலியைக் கட்டியதற்கு அவன் உள்ளூரப் பெருமைப்பட்டான்.

வெள்ளிக்கிழமை பரமேஸ்வரன் ஆலைக்கே வந்துவிட்டார். விஜிதரன் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவர் தேடிப்பிடித்துக் கையைக் குலுக்கினார். அல்பம் நேற்றே வந்துவிட்டதாம், பார்த்த சனமெல்லாம் வாயைப் பிளக்குதாம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். சுகந்தினி கணினிக்கு முன்னால் இருந்து அவனுடைய கிரிக்கெட்டை விளையாடிக்கொண்டிருந்தாள்.

“இதெப்பிடித் திறந்தது?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போன கையோடு தம்பிக்குக் கோல் எடுத்தாளாம். கணினியைப் போடும்போது எஃப் பன்னிரண்டு விசையை அமத்திப் பிடித்தால், காவலனைக் கேளாமல் நேரே விண்டோஸுக்குள் போகலாமாம். பகலெல்லாம் அப்படித்தான் வேலை நடந்ததாம்.

விஜிதரனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. இனிப் புட்டு அவிக்க வேண்டாம்.

“சரி, கணினி வந்திட்டுதுதானே. இனிக் குசினி உம்மடை.”

சுகந்தினி கணினியை நிறுத்தி மறுபடி போட்டாள். இந்தமுறை ஒரு விசையையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கறுப்புத் திரை வந்தது, மூலையில் அதே ஒற்றை வரி.

“நீங்கள் திருத்துறவரைக்கும் எண்டுதானே சொன்னனீங்கள். நீங்கள் இன்னும் திருத்தேல்லையே,” என்றாள். “இரவுக்கு என்ன கறி வைக்கப்போறியள்?”