நோயறியாப் பண்ணை

"உப்புப் போட்டும் போகலையேடி!"

பண்ணைக்காரர் சிமெண்டுத் தொட்டிக்குள் விழுந்துவிடுவார் போலக் குனிந்து நின்றார். உள்ளே தங்கமீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரியவை ஏழின் கன்னங்களில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். போதாக்குறைக்கு அந்த ஏழும் மற்ற மீன்களை முட்டி மோதித் துரத்திக்கொண்டிருந்தன.

"ஜன்னி கண்டிருக்கு. நோய் முத்திப்போச்சு," என்றார்.

"ஜன்னி கண்டவன் சுருண்டு படுத்துக்குவான்," என்றாள் மனைவி. "இதுங்க ஓடிப்பிடிச்சு விளையாடுதுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

அவருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் வளர்த்தது கெண்டை. குளத்துச் சேற்றுத் தண்ணீரில் கெண்டையின் முகத்தை யார் உற்றுப் பார்த்தார்கள்? தங்கமீன் அவர் புதிதாகத் தொடங்கிய தொழில். குஞ்சுகளாக வாங்கிவந்தவை இப்போதுதான் வளர்ந்து நிற்கின்றன. விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் வாசலில் தாத்தா எழுதிவைத்த பலகை தொங்குகிறதே, 'நோயறியாப் பண்ணை' என்று! அந்தப் பலகைக்கு உரிய வீட்டு ஆண்மகன் இன்னொருவன் வாசலில் போய் நின்று, "என் மீனுக்கு என்ன வியாதி?" என்று கேட்பதா? அதைவிட இதே தொட்டியில் தலைகுப்புற விழுவது மேல்.

அதுவும் இந்த நோய் இன்றைக்கா வர வேண்டும்? சாயங்காலம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற பையனின் தாயார் லேசுப்பட்ட ஆள் இல்லை. மீன் நோய் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவியான டாக்டரம்மா. மீனைக்கூடப் பார்க்க மாட்டாராம். தொட்டித் தண்ணீரில் சிறிதளவு எடுத்து இயந்திரத்தில் வைத்தால் போதும், இன்ன நோய் என்று கண்டுபிடித்துவிடுவாராம். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரன் ஒருவன் செத்த மீன்களைப் புதைத்து மறைத்தபோது, அந்த அம்மாளின் ஒரு சொல்லுக்கு அவன் குளம் முழுவதும் சுண்ணாம்பு கொட்டிப் பண்ணையையே மூடினார்கள். "நோய் வந்தவன மன்னிப்பேன். மறைச்சவன மன்னிக்கவே மாட்டேன்," என்று அன்று கரையில் நின்று அவர் சொன்னது மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"பேசாம உள்ளதைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"மூணு தலைமுறைப் பேருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றியா? சீக்காளி வீட்டுப் பொண்ணுன்னு நம்ம பிள்ளைய ஒதுக்கிட்டுப் போவாங்க. வலையை எடு!"

புள்ளி விழுந்த ஏழையும் அரித்து வாளியில் போட்டு, வாளியைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஈரக்கையைத் துடைப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

முன்னால் டாக்டரம்மா இறங்கினார். பார்வையே ஊசி போட்டது. பின்னால் அவருடைய கணவர். ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், வாயைத் திறக்காத மனிதர். கடைசியாகப் பையன். புகைப்படத்தில் பளிங்கு போல இருந்த முகம், இப்போது கண்ணுக்குக் கீழே தெரியவில்லை. பெரிய கைக்குட்டை ஒன்றை மூக்கின் மேல் விரித்துப் பிடித்திருந்தான்.

பண்ணைக்காரர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். 'போச்சு! வாசல்லயே வாடை பிடிச்சுட்டான்!'

"தம்பிக்குச் சளியா?" என்று மனைவி கேட்டாள்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல!" டாக்டரம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "வெயில், தூசி... சேராது. அது கிடக்கட்டும். முகம் கழுவணும், குளியலறை எங்க?"

"தண்ணி வரலைங்களே!" பண்ணைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறைத்தார்.

உள்ளே 'சளப்' என்றது.

"வரலைங்கறீங்க. சத்தம் கேக்குதே?"

"எலிங்க!"

"எலி நீச்சலடிக்குதா?"

உள்ளே மறுபடியும் சளப், சளப். பிறகு குளியலறையின் பின்பக்கக் கதவு மெல்லக் கிறீச்சிட்டது. மகள்தான். புது உடுப்போடு வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறும் ஓசை அவர் காதுக்கு மட்டும் கேட்டது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. "இப்ப வந்துடுச்சுங்க தண்ணி!" என்று கதவைத் திறந்துவிட்டார்.

முகம் கழுவி வந்ததும் டாக்டரம்மா நேராகத் தொட்டிகளுக்கு நடந்தார். பெண்ணைப் பார்க்க வந்தவர் பெண் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"நோயறியாப் பண்ணை," என்று பலகையை நினைவுபடுத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் பண்ணைக்காரருக்குச் சுண்ணாம்பு வாடை அடித்தது. "எல்லாம் சின்னதா இருக்கே. பெருசுங்க எங்க?"

"அதெல்லாம்... நேத்தே வித்துட்டேங்க."

"அதனால என்ன? மீன் போனாலும் அது இருந்த தண்ணி சொல்லிடும்," என்று கைப்பையிலிருந்து சின்னச் சீசா ஒன்றை எடுத்துத் தண்ணீர் மொண்டார். "சும்மா, என் பழக்கம். எந்தப் பண்ணைக்குப் போனாலும் எடுப்பேன். நாளைக்கு நிலையத்துல பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் கல்யாணத் தேதிய பேசுவோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. மீனைத் தண்ணீரிலிருந்து மறைத்தாலும் தண்ணீரை எதில் மறைப்பது?

எல்லோரும் கூரையில்லாத வாசல் முகப்பில் காற்றாட உட்கார்ந்தார்கள். சீசா கூடத்து மேசைமேல் இருந்தது. பிஸ்கட் எடுத்துவரும் சாக்கில் பண்ணைக்காரர் உள்ளே போனார். சீசாவிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்படிக் குழாயைத் திறந்து நல்ல தண்ணீரை நிரப்பி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். குடிக்கிற தண்ணீரில் எந்த இயந்திரம் எந்த நோயைக் கண்டுபிடிக்கும்? அன்று முதல்முறையாக நிமிர்ந்து மூச்சு விட்டார்.

தேநீர்த் தட்டோடு மகள் எதிரே வந்தாள்.

"கெட்டிக்காரி! மீனை எங்கம்மா வச்ச?" என்று கிசுகிசுத்தார்.

"மொட்டைமாடித் தண்ணித் தொட்டில, அப்பா. அங்க யாரும் பாக்கமாட்டாங்க."

பேயறைந்தவர் போல நின்றார். அடுப்படிக் குழாய்க்குத் தண்ணீர் வருவதே அந்தத் தொட்டியிலிருந்துதான். சீசாவில் இப்போது இருப்பது நோயின் சாறு.

"அப்போ... தேநீர்?"

"குழாய்த் தண்ணிதான் அப்பா."

"கொண்டு போகாதே!"

"என்னங்க, அவங்க காத்திருக்காங்க," என்று மனைவி மகளின் முதுகில் கைவைத்து வெளியே அனுப்பிவிட்டாள். கண் முன்னால் டாக்டரம்மா ஒரு வாய் உறிஞ்சினார். கொஞ்சம் யோசித்தார்.

"என்னமோ ஒரு ருசி இருக்கே?"

"உப்பு... உப்புத் தண்ணிங்க, எங்க ஊருக்கே," என்று பண்ணைக்காரர் உளறினார். வாளியோடு போன உப்பாகத்தான் இருக்க வேண்டும். பையனோ கைக்குட்டையின் ஓரத்தை ஒரு விரல் அளவு தூக்கி, அதற்குள் கோப்பையை நுழைத்துக் குடித்தான். 'நாத்தம் தாங்காமத்தான் மூடிக்கிட்டுக் குடிக்கிறான். ஆத்தாகிட்ட இன்னும் சொல்லலை, அவ்வளவுதான்.'

"சங்கடமில்லாம கைக்குட்டைய எடுத்துட்டு உக்காருங்க தம்பி," என்றாள் மனைவி.

"வேண்டாம்! இருக்கட்டும்!" டாக்டரம்மாவும் பண்ணைக்காரரும் ஒரே குரலில் கத்தினார்கள். டாக்டரம்மா ஏன் கத்தினார் என்று யோசிக்கும் நிலையில் பண்ணைக்காரர் இல்லை.

ஒரே வழிதான் தோன்றியது. மேலே புதுத் தண்ணீர் நிறைய ஏறினால் நோய் நீர்த்துப்போகும். அப்புறம் சீசாவை மறுபடி மாற்றிவிடலாம். நழுவிப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மோட்டார் உறுமியது. அவர் நெஞ்சும் கூடவே உறுமியது.

தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை. நிரம்பி வழிந்தால் தண்ணீர் வெளியேறும் பருத்த குழாய், முகப்புக்கு நேர்மேலே நீட்டிக்கொண்டிருந்தது என்பதையும்தான்.

முதலில் ஒரு சொட்டு டாக்டரம்மாவின் தோளில் விழுந்தது.

"மழையா?"

"ஆமாங்க, மழைதான்! எல்லாரும் உள்ள வாங்க!"

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கணம் குழாய் கொட்டியது. தண்ணீரோடு தண்ணீராக, தங்கம் போலப் பளபளத்துக்கொண்டு முதல் மீன் ஓவிய ஆசிரியரின் பிஸ்கட் தட்டில் வந்து விழுந்தது. இரண்டாவது பையனின் தலையில் மோதி மடியில் துள்ளியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏழும் இறங்கின. மகள் வாளியோடு ஓடிவந்து பொறுக்கினாள். மனைவி மோட்டாரை நிறுத்தினாள்.

டாக்டரம்மா தட்டில் கிடந்த மீனை ஈரக் கையில் அள்ளினார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அதன் கன்னத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். பண்ணைக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணுக்குள் பலகை கழன்று விழுந்தது. தொட்டிகளில் சுண்ணாம்பு புகைந்தது. மகள் ஒரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இதைத்தான் வித்துட்டேன்னீங்களா?"

"தாயே, என் பண்ணைய மூடுங்க. என் பொண்ண மட்டும் குறை சொல்லாதீங்க. புத்தி கெட்டது எனக்கு. நோயை மறைச்சது நான்தான்."

"எந்த நோய்?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"நோய்ப் புள்ளின்னா உடம்பெல்லாம் சிதறிக் கிடக்கும்," என்றார் டாக்டரம்மா. "இது கன்னத்துலயும் முன் துடுப்புலயும் மட்டும் வரிசையா, சொரசொரன்னு இருக்கு. ஏழும் ஆண் மீன். ஜோடி சேர்ற காலம் வந்தா ஆண் தங்கமீனுக்கு முகத்துல இப்படித்தான் முளைக்கும். பெட்டையைத் துரத்திக்கிட்டுத் திரியும். உங்க மீனுங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

பண்ணைக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் டாக்டரம்மா மீனை வாளியில் விட்டுவிட்டு எழுந்து நின்றார். குரல் மாறியிருந்தது.

"ஆனா மறைச்சீங்களே! எலின்னீங்க, வித்துட்டேன்னீங்க, மழைன்னீங்க. என் கொள்கை என்னன்னு உங்களுக்கே தெரியும். இப்படி மறைக்கிற வீட்டுல நான் எப்படிச் சம்பந்தம் வச்சுக்கிறது?"

மகள் வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத ஓவிய ஆசிரியர், பிஸ்கட் தட்டிலிருந்த தண்ணீரைக் கீழே வடித்துவிட்டு, மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"உக்காரும்மா, உக்காரு. சம்பந்தி ஏழு மாப்பிள்ளைய மொட்டைமாடில ஒளிச்சாரு, நீ ஒரு மாப்பிள்ளைய காலையிலேருந்து கைக்குட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கே. டேய், அதை எடுத்துட்டு உன் பருவையும் பொண்ணுகிட்டக் காட்டுடா!"