கைதட்டலுக்கு நடுவே ஒரு சிவப்பு வண்டி

நிலநடுக்கம் வந்தால் சிலர் கடப்பாரையைத் தேடுவார்கள், சிலர் மைக்கைத் தேடுவார்கள். இரண்டாவது இனத்துக்குப் பாராட்டாளர் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எதற்கெடுத்தாலும் விழா எடுத்துக் கேடயம் கொடுப்பதால் நம்மவருக்குப் பட்டப்பெயர் கேடயம்.

வீடுகள் இடிந்து கிடந்தபோது அவர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தூசி ஒத்துக்கொள்ளாதாம். ஆனால் கடைசி ஆளையும் வெளியே எடுத்துவிட்டு மீட்புப் படையினர் படுக்கப் போன மறுநாளே, அழைப்பிதழ் அடித்து, தன் படத்தை ஆளுயரத்துக்கும் அவர்கள் படத்தைத் தபால்தலை அளவுக்கும் பதாகையில் ஏற்றி, பின்னால் மீட்புப் படையின் சிவப்பு வண்டி தெரிந்தால் போட்டோ எடுப்பாக இருக்கும் என்று மீட்பு நிலையத்து முற்றத்திலேயே மேடை போட்டுவிட்டார். விழாவுக்கு வந்த வீரர்களின் சீருடையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"கொஞ்சம் புழுதியோட வந்திருக்கலாமே, தம்பி."

"துவைச்சிட்டோம், சார்," என்றார் குழுத் தலைவர், தப்புச் செய்தவர் மாதிரி.

கேடயம் பேசினார். மீட்பு வீரர்களில் தொடங்கிய பேச்சு, அவருடைய பள்ளிக்கூட நாள்களைச் சுற்றிக்கொண்டு, அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட வீரக் கதையில் வந்து நின்றது. முன்வரிசையில் பாதி வீரர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தன் பேச்சில் மெய்மறந்துவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நிலையத்து மணி அடித்தது. குழுத் தலைவர் மேடைக்கே ஓடிவந்தார்.

"சார், பக்கத்துத் தெருவுல விரிசல் விட்டிருந்த வீடு சரிஞ்சிருச்சாம். உள்ள ஒரு அம்மா மாட்டியிருக்காங்க. வண்டிய எடுக்கணும்."

"ரெண்டே நிமிஷம். மெடலை மட்டும் வாங்கிட்டுப் போயிடுங்க."

வண்டியை எடுக்க வழி எங்கே இருக்கிறது? வாசலை அடைத்துக்கொண்டு விருந்தினர் கார்கள். குழுத் தலைவர் மைக்கைப் பிடுங்கி, "தயவுசெஞ்சு காரை எடுங்க" என்று கெஞ்சினார். என்ன பணிவு, என்ன கடமையுணர்ச்சி என்று கூட்டம் நெகிழ்ந்துபோய், எழுந்து நின்று கைதட்டியது. வேறு வழியில்லாமல் அவர்கள் கடப்பாரையையும் ஸ்ட்ரெச்சரையும் தோளில் போட்டுக்கொண்டு கார்களின் இடுக்கில் நுழைந்து ஓடினார்கள். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

அந்த அம்மாவை உயிரோடுதான் எடுத்தார்கள். கால் ஒன்று போய்விட்டது. வண்டியில் இருந்த தூக்கும் இயந்திரம் நேரத்துக்கு வந்திருந்தால் காலும் தப்பியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். கேடயம் அந்த அம்மாவுக்கும் ஒரு விழா எடுக்கப்போகிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியாதா? நீங்கள் மேடை ஏறவில்லை, மைக்கைத் தொடவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைதான் தட்டினீர்கள். அதெல்லாம் இருக்கட்டும், அன்றைக்குக் காரை எங்கே நிறுத்தியிருந்தீர்கள்?