மௌனத்துக்கு உரை எழுதுகிறவர்

தெருவுக்குத் தெரு தழைத்து வளரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். யாராவது பேசினால் இவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது. யாராவது வாயை மூடிக்கொண்டால் போதும், அவர்கள் சொல்லாததெல்லாம் கணீரென்று கேட்கும். மாதிரிக்கு நம் மருந்துக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். 'நம்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கடை பெஞ்சைத் தேய்த்தவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.

பக்கத்துத் தெருவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை காணாமல் போயிற்று. பெற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டிவிக்காரர்கள் நீட்டிய மைக்குக்கு ஒரு வார்த்தை கிடையாது. நம்மவருக்கு அது போதாதா?

"பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, டிவியில கவனிச்சீங்களா?" என்றார், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே.

மறுநாள் பேப்பரில் அந்தத் தாய் அழுகிற படம் வந்தது.

"பாத்தீங்களா, என்னா நடிப்பு!"

அவள் வேறு எந்த முகத்தைத்தான் வைத்துக்கொள்வாள்? பெஞ்சில் இருந்த யாரும் கேட்கவில்லை. தலையை ஆட்டவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

நடுவில், "அண்ணே, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து" என்று ஒரு கை நீண்டது.

"என்ன வயசு?"

"அஞ்சு."

"இந்தாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க. நீங்களே சொல்லுங்க, தப்புப் பண்ணாதவங்க எதுக்கு வாயை மூடணும்?"

"அதானே!" என்றது அந்தக் குரல். ஆதரவுக்கு ஆள் கூடிய பூரிப்பில் நம்மவர் பேச்சைத் தொடர்ந்தார்.

குழந்தை கிடைத்துவிட்டாள், உயிரோடு. பூட்டிய ஒரு வீட்டில், காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தாளாம். கடத்திய ஆள் மட்டும் அகப்படவில்லை. வெளியில் ஒரு வார்த்தை விட்டாலும் பிள்ளைக்கு ஆபத்து என்று பெற்றவர்களின் வாயைக் கட்டியிருந்தது போலீஸ்தான். குழந்தையின் தலைமாட்டில் நம் கடைப் பெயர் போட்ட கவர். உள்ளே மருந்து பாட்டில்.

"வாங்கினது யாருங்க? ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அந்தத் தாய் எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள், எந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய மனிதர் திருதிருவென்று விழித்தார். பெஞ்சில் இருந்த நாங்கள் தரையைப் பார்த்தோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னய்யா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?"



இவ்வளவு பேர் இருந்தும் ஒருவருக்குமா அந்த முகம் நினைவில்லை, கடைக்காரர் எதையோ மறைக்கிறாரோ என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறதே? வாருங்கள், தள்ளி உட்காருகிறேன். பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறது.