குக்குறுவான் முந்நூறு

உலகில் பறவைகள் இன்னும் மிச்சமிருப்பதற்கு எங்கள் பறவைகள் நலச் சங்கமே காரணம். அதன் செயலாளனாகிய நானே இதைச் சொல்வதால் ஐயப்பட வேண்டியதில்லை.

சங்க அறைக்குப் பின்னால் ஒரு தோப்பு. தோப்பை ஒட்டி என் வீடு. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே, பட்டுப்போன கிளையொன்றில் பொந்து குடைந்து ஒரு ஜோடி குக்குறுவான் குஞ்சு பொரித்திருந்தது. அவற்றின் மேல் என் மனைவிக்குக் கொள்ளைப் பிரியம்.

இந்த நேரம் பார்த்து, தோப்பை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்க நகராட்சி முடிவெடுத்தது. கூட்டத்துக்கு வந்தால் கார் நிறுத்த இடமில்லை என்று எங்கள் உறுப்பினர்கள் மாதந்தவறாமல் எழுதிய புகார்களை யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள். நல்லவேளையாக நகராட்சி இன்ஜினியர் நியாயஸ்தர். தோப்பில் அபூர்வப் பறவை இருப்பதாகச் சங்கம் எழுதிக் கொடுத்தால் ஒரு மரத்தையும் தொடமாட்டேன் என்று வாக்களித்தார்.

“நம்ம ஜன்னல்கிட்ட ஒரு ஜோடி இருக்குன்னு எழுதிக் குடுங்க, போதும்,” என்றாள் மனைவி.

எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர். முறையாக எண்ணாமல் எழுதுவது ‘விஞ்ஞானத்துக்கு இழுக்கு’ என்றார். ‘மாபெரும் குக்குறுவான் கணக்கெடுப்பு’ அறிவிக்கப்பட்டது. ஆளுக்கொரு தொப்பியும் பிஸ்கட் பாக்கெட்டும் வழங்கப்பட்டன.

முறை எளியது. கைபேசியில் குக்குறுவானின் குரலை ஒலிக்கவிட வேண்டும். பதில் குரல் வந்தால் ஒன்று என்று எண்ண வேண்டும். புதருக்கு ஒருவராகப் பதுங்கினோம். தலைவர் கிழக்கே ஒலிக்கவிட்டார். உடனே மேற்கிலிருந்து பதில் வந்தது. மேற்கில் வங்கி மேனேஜர் பதுங்கியிருந்தார். பிறகு தோப்பே அதிர்ந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன். எதிர்ப் புதரில் இருந்த பறவையும் கூட்டியது. அப்படியொரு வீரமான பறவையை நான் கண்டதில்லை. அன்றும் காணவில்லை. ஒரு பறவை பாட்டை நடுவில் நிறுத்தி, ‘இன்றே ரீசார்ஜ் செய்யுங்கள்’ என்றது. அதை ‘வட்டார வழக்கு’ என்று குறித்துக்கொள்ளும்படி தலைவர் ஆணையிட்டார். மதியத்துக்குள் எங்கள் கணக்கு முந்நூறைத் தொட்டது.

என் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

“அந்த ரெண்டும் மிரண்டு போயிருக்கு டாக்டர். காலையிலேர்ந்து குஞ்சுக்கு இரை கொண்டு வரல. ஃபோனை எல்லாம் அணைக்கச் சொல்லுங்க.”

“அம்மா, ரெண்டே ரெண்டு பறவைக்காக முந்நூறு பறவையோட கணக்கெடுப்பை நிறுத்த முடியுமா?” என்றார் தலைவர் கனிவாக.

நான் சங்க விதிப்படி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அறிக்கையை இன்ஜினியர் இரண்டு முறை படித்தார். “முந்நூறா? அப்ப காக்கா மாதிரி எல்லா இடத்துலயும் இருக்கும் போலிருக்கே. இதுல அபூர்வம் எங்க சார் வந்தது?” என்றார்.

மறுவாரம் மரம் அறுக்கும் இயந்திரம் வந்தது. பட்டுப்போன கிளையை முதலில் இறக்கினார்கள். பொந்துக்குள் குஞ்சுகள் முன்பே செத்திருந்தன. மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டாள். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சங்கம் இதற்கெல்லாம் சோர்ந்துவிடுமா? நகராட்சியைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். வரும் மாதம் தலைவர் ‘குக்குறுவான்கள் எங்கே போயின?’ என்று சிறப்புரை ஆற்றுகிறார். அழைப்பிதழை நானே எழுதினேன். அதன் கடைசி வரி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று:

‘கார் நிறுத்தத் தாராளமாக இடமுண்டு.’