ஏ பக்கத்துக் கடைசிக் குரல்

திராபெட்சோனா, பிரேயஸ்
12 பிப்ரவரி 1989

'இரும்பு இரைச்சல்' சிற்றிதழ் ஆசிரியர் திரு. திராசோஸ் அவர்களுக்கு,

லெஃப்தேரிஸின் தகப்பன் ப்ரோத்ரொமோஸ் எழுதுவது. தாங்களும் தங்கள் பெற்றோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என் காதைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

என் மகன், எந்தக் கம்பெனியும் சீந்தாத ஏழு ஹெவி மெட்டல் குழுக்களைத் திரட்டி ஒரு கேசட் வெளியிட்டது தாங்கள் அறிந்ததே. மூலப்பிரதி பதிய வெற்றுக் கேசட் கிடைக்காமல் நான் பாடிப் பதிந்து மேசையில் வைத்திருந்ததை எடுத்திருக்கிறான். யாரும் அழித்துவிடக் கூடாதென்று அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து வைத்திருந்தேன். இந்தப் புண்ணியவான் அந்த ஓட்டைகளின் மேல் செல்லோடேப் ஒட்டிப் பதிந்துவிட்டான்! ஏ பக்கத்துப் பாட்டுகள் மூன்று நிமிடம் முன்னாலேயே முடிந்துபோக, மிச்சத்தில் யார்? நான்! பெரிய வெள்ளிப் புலம்பல்! இருநூறு பிரதியிலும்! "ஏண்டா, நீ போட்ட கேசட்டை நீயே கேட்கலையா?" என்றேன். "கடைசி வரைக்கும் எவன்பா கேட்பான்?" என்கிறான்.

தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். "கேசட்டிலேயே பயங்கரமானது கடைசியில் வரும் பெயரில்லாத குரல்தான், ஏதோ குகையில் பதிந்த பழைய இசைத்தட்டிலிருந்து சுட்டிருக்கிறார்கள்" என்று எழுதியும் விட்டீர்கள். குகையா? தம்பி, அது எங்க வீட்டுக் குளியலறை. கூடத்துல என் வீட்டுக்காரி எவாந்தியா டிவி பாத்துக்கிட்டிருந்தா, வேற எங்க போய்ப் பாடுறது? பழைய இசைத்தட்டாம்! ஒரே மூச்சுல இருபத்திரண்டு விநாடி இழுத்திருக்கேன், கடிகாரத்தை வச்சுப் பாருங்க.

நிற்க. பத்தொன்பது வருஷமாகக் கோயிலில் இடப்பக்கம் இரண்டாம் பாடகனாக நின்று பாடுகிறேன். வலப்பக்கத்துத் தலைமைப் பாடகர் ஆனெஸ்திஸ் இப்போது ஓய்வு பெறுகிறார். அந்த இடம் எனக்கு வேண்டும், வேண்டுமென்றால் வேண்டும். தவக்காலம் தொடங்கும்போது பாதிரியார் பெயரை அறிவிப்பார். அந்தப் பாதிரியாருடைய ஐந்து மகள்களில் கடைக்குட்டி இந்தக் கேசட்டை வைத்திருந்து மாட்டிக்கொண்டது. நேற்று பாதிரியார் என்னை நிறுத்தி, "ப்ரோத்ரொமே, இது உன் குரலாய்யா?" என்று கேட்டார். பேய்ப்பாட்டுக் கேசட்டில் பாடினவனுக்கு வலப்பக்கம் கொடுப்பாரா? "சத்தியமா இல்ல சாமி!" என்று மூன்று தடவை சிலுவை போட்டேன்.

ஆகவே அடுத்த இதழின் முதல் பக்கத்தில், "அந்தக் குரல் திராபெட்சோனா ப்ரோத்ரொமோஸுடையது அல்ல" என்று தாங்கள் மறுப்பு வெளியிட வேண்டும். போடலைன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன். பாயோடு வருவேன். நான் சொன்னா சொன்னதுதான்.

மாதா தங்களைக் காக்கட்டும். தங்கள் தாயாருக்கு என் வணக்கம். முடியை வெட்டிக்கொள்ளுங்கள், கண்ணுக்கு நல்லது.

இப்படிக்கு,
ப்ரோத்ரொமோஸ் ஹாத்ஸிசாவாஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பாதிரியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "அந்தக் கேசட்டை நாலு தடவை கேட்டேன்யா. அழுதுட்டேன். நீ இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டே, சரி, இப்படிப் பாட உனக்கு ஏது தைரியம்! உன் பையன்கிட்ட கேட்டு அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடு. வலப்பக்கம் அவனுக்குத்தான்" என்கிறார். தம்பி, மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க. முதல் பக்கத்துல என் பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க. அப்புறம் தயவுசெய்து நீங்களே நேர்ல வந்து அது நான்தான்னு அவர்கிட்ட சத்தியம் பண்ணுங்க. என் சத்தியத்தை அவர் இனிமே நம்ப மாட்டார்.