கை காட்டிய பக்கம்

“வலது பக்கம்!” என்றாள் மாஸ்டர்.

கார் பதற்றமே இல்லாமல், பூனை சோம்பல் முறிப்பதுபோல, இடது பக்கம் திரும்பியது. அங்கே சாலை இல்லை. ஒரு மருந்துக்கடைதான் இருந்தது. முன்சக்கரம் படியில் ஏறி நின்றது.

“எப்படி மாஸ்டர்?” என்று பெருமையோடு கேட்டார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பேக்கரிக்காரர்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் காரைப் பார்த்தார். “தலைவலி மாத்திரையா?”

“இப்ப வேணாம். இன்னும் ரெண்டு திருப்பம் போகட்டும்” என்றார் பின்சீட்டில் இருந்த டிரம்மர். மாஸ்டரின் கணவர் அவர்.

மாஸ்டர் பத்தொன்பது வருடம் மேடையில் குழு நடனம் அமைத்தவள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் குழுவிலிருந்து விலகி, சேமிப்பை எல்லாம் போட்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தாள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“நாற்பது பேரை இருபதடி மேடையில ஒருத்தர்மேல ஒருத்தர் இடிக்காம நகர்த்தியிருக்கேன். ஒரே ஒரு காரை நகர்த்த முடியாதா?” என்று அவள் கேட்டதும் சிரிப்பு நின்றது. குழுத் தலைவர் மட்டும், “துணி அறையில இஸ்திரி போடற வேலை எப்பவும் உனக்கு உண்டும்மா” என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த அன்பை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது சூடாகும்.

பள்ளிக்குக் கிடைத்திருந்தது தற்காலிக அனுமதி. தொண்ணூறு நாளுக்குள் ஒரு மாணவராவது தேர்வில் பாஸாக வேண்டும். இல்லையென்றால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். நாட்கள் எண்பத்திரண்டு ஓடிவிட்டன. சேர்ந்திருந்த மாணவர் ஒருவர். அவரும் வேறு பள்ளிகளில் படித்து நான்கு தடவை ஃபெயிலானவர்.

“அண்ணே, நான் என்ன சொன்னேன்?”

“வலதுன்னு சொன்னீங்க.”

“நீங்க எங்க திரும்பினீங்க?”

“நீங்க கை காட்டின பக்கம்.”

மாஸ்டர் தன் கையைப் பார்த்தாள். இடது கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

விஷயம் அப்போதுதான் விளங்கியது. நடனம் சொல்லித் தருகிறவர் மாணவர்களுக்கு எதிரே நிற்பார். அவர்கள் வலது பக்கம் நகர வேண்டுமானால் வாயால் வலது என்று சொல்லி, தன் இடது கையை நீட்ட வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்களுக்குச் சரியாக இருக்கும். பத்தொன்பது வருடப் பழக்கம். எதிரே நின்றால் அது கலை. பக்கத்தில் உட்கார்ந்தால் விபத்து. காலி மைதானத்தில் மூன்று வாரம் ஓட்டியபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

பேக்கரிக்காரருக்கு வந்து சேர்ந்தபோது வலது இடது தெரிந்திருந்தது. மூன்றே வாரத்தில் அதை மறக்கடித்தது பள்ளியின் முதல் சாதனை.

“சின்ன விஷயம். நாளைக்கே சரியாயிடும்” என்றாள் மாஸ்டர்.

மறுநாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். “வலது!”

கார் நேராகப் போனது.

“வலதுண்ணே, வலது!”

“கையைக் காணோமே மாஸ்டர்?”

“கை வேணாம். வார்த்தையைக் கேளுங்க.”

அவர் வார்த்தையைக் கேட்டார். அவர் உடம்பு அதை மூன்று வாரம் படித்த பாடத்தின்படி புரிந்துகொண்டது. கார் இடது பக்கம் திரும்பி, யாரோ ஒருவருடைய வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் போய் மிகச் சரியாக நின்றது.

“பார்க்கிங் பிரமாதம்” என்றார் டிரம்மர்.

“நீங்க வாயை மூடிக்கிட்டு வாங்க.”

மூன்றாவது நாள் மாஸ்டர் வார்த்தைகளையே மாற்றினாள். வலது பக்கம் போக வேண்டுமென்றால் இனி அவள் இடது என்று சொல்வாள். பத்து நிமிடம் தேர் மாதிரி ஓடியது. ரவுண்டானா வந்தது. மாஸ்டருக்கே குழம்பிவிட்டது.

“இடது... இல்லை, வலது... அதாவது, உங்களுக்கு எது வலதோ அது!”

“எனக்கா, உங்களுக்கா?”

“அண்ணே, வலதுன்னா நிஜமாவே வலது!” என்று பின்னாலிருந்து கத்தினார் டிரம்மர்.

“நிஜ வலதா, மாஸ்டர் வலதா?”

ரவுண்டானாவை நான்கு முறை சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில், நடுவே பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்துக் கையசைக்க ஆரம்பித்தார். நான்காவது சுற்றில் டிரம்மரும் பதிலுக்குக் கையசைத்தார்.

“வார்த்தையே வேணாம்” என்றாள் மாஸ்டர் நான்காவது நாள். அவள் குரலில் சோர்வே இல்லை. “எண்ணிக்கை. ஒண்ணுன்னா வலது. ரெண்டுன்னா இடது. புரிஞ்சுதா? ஒண்ணு!”

கார் வலது பக்கம் திரும்பியது. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி கார் இடது பக்கம் திரும்பியது. மறுபடி வலது. மறுபடி இடது.

“ஏண்ணே நெளியறீங்க?”

“ரெண்டு, மூணு, நாலு” என்றார் பேக்கரிக்காரர் மூச்சு வாங்க. “ஒண்ணுல எப்படி நிறுத்தறது? நடனத்துல மாதிரி எட்டு வரைக்கும் எண்ணச் சொல்லித் தந்தீங்க, எட்டு முடிக்காம நிறுத்தினா திட்டுவீங்களே மாஸ்டர்!”

பின்சீட்டில் டிரம்மரின் விரல்கள் தம்மை அறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதற்கேற்றபடி கார் எட்டு முறை நெளிந்து, முடிவில் ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது. நடைபாதையில் இருந்த குழந்தை ஒன்று கைதட்டியது.

தேர்வுக்கு முந்தைய மாலை மாஸ்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

“அதிகாரி ஏதாவது பக்கம் சொல்வாரு. உங்க உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கிற பக்கம் போகாதீங்க. அதுக்கு எதிர்ப்பக்கம் போங்க. அவ்வளவுதான்.”

பேக்கரிக்காரர் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தார். “உடம்பு எதிர்ப்பக்கமே இழுத்துச்சுன்னா?”

“வீட்டுக்குப் போய்த் தூங்குங்கண்ணே” என்றார் டிரம்மர்.

தேர்வு மைதானத்தின் சுவரோரம் மற்ற பள்ளிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சாய்ந்து நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் களை இல்லை.

“புதுசாம்மா?” என்றார் ஒருவர். “நல்லா ஓட்டறவங்களையே கூட்டிட்டு வந்து பார்த்தாச்சு. ஏதோ, வந்ததுக்கு நிழல்ல நில்லுங்க.”

“எங்க ஆளு பாஸ் பண்ணுவாரு” என்றாள் மாஸ்டர், மேடைக்குப் பின்னால் நின்று திரை விலகுவதைப் பார்க்கிறவள்போல. அவளுடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

அதிகாரி அட்டையும் பேனாவுமாகக் காரில் ஏறினார். கண்ணாடி இறங்கியிருந்ததால் உள்ளே பேசியது தெளிவாகக் கேட்டது.

“கிளம்புங்க.”

கார் கிளம்பவில்லை. பேக்கரிக்காரரின் உதடு அசைந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கார் கிளம்பியது.

“வலது பக்கம் திருப்புங்க.”

கார் இடது பக்கம் திரும்பியது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்ற கணவரைக் கேட்டாள். “என்னங்க, அதிகாரி என்ன பண்றாரு?”

“ஒண்ணும் பண்ணலை. நம்ம அண்ணனைப் பார்க்கறாரு.”

“இப்ப இடது பக்கம்” என்றது அதிகாரியின் குரல்.

“இப்ப எந்தப் பக்கம் போறாரு?”

“வேணாம், நீ பார்க்காதே.”

“அதிகாரி?”

“சிரிக்கறாரும்மா.”

மாஸ்டருக்கு இஸ்திரி அறையின் வெப்பம் முகத்தில் அடித்தது. சிரிக்கிறார் என்றால் முடிந்தது. ஃபெயில் போடுகிற அதிகாரியைச் சமாளிக்கலாம். சிரிக்கிற அதிகாரியை என்ன செய்வது? பலகையை யார் கழற்றுவார்கள், ஏணி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. அப்படியும் அவள் முதுகை வளைக்கவில்லை. நடனம் கெட்டுப்போனாலும் கடைசி நிலையில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

வலது என்றபோதெல்லாம் இடது, இடது என்றபோதெல்லாம் வலது. ஒரு தடவைகூடத் தவறாமல் மைதானத்தைச் சுற்றி வந்து, கார் அவள் முன்னால் நின்றது. அதிகாரி இறங்கினார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

“இவருக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?”

“நான்தான் சார்” என்றாள் மாஸ்டர் ஓர் அடி முன்னால் வந்து. தப்பித்து ஓடுவது அவள் வழக்கமில்லை. “தப்பு அவர் மேல இல்லை. சொல்லித் தந்த முறையில...”

“முறைன்னா இதுதாம்மா முறை! சொன்ன பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டறாரு. நான் எத்தனை பேரைப் பார்த்துட்டேன், ஒருத்தர் காதுலயாவது நான் சொல்றது ஏறணுமே! பாஸ்.” அட்டையில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

“ஆனா சார், அவரு...”

டிரம்மர் அவள் கால்விரலை மிதித்தார். முழங்கால் கெடாத நல்ல கால்தான்.

“உங்க பள்ளியோட நிரந்தர அனுமதிக்கும் முத்திரை போடச் சொல்றேன்” என்றார் அதிகாரி. “உள்ளே போய் வலது பக்கம் மூணாவது அறை.”

சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் காரைச் சுற்றி வந்து, யாரும் கேட்காமலே குனிந்து வணங்கினார். மாஸ்டர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது.

வலது பக்கம், மூன்றாவது கதவு. திறந்தாள். ஐந்து துடைப்பமும் ஒரு வாளியும் இருந்தன.

எதிரே கோப்புக் கட்டோடு வந்த கடைநிலை ஊழியர் நின்றார்.

“முத்திரை போடற அறை எங்கங்க? சார் வலது பக்கம் மூணாவதுன்னாரு.”

“அப்ப இடது பக்கம் மூணாவதும்மா” என்றார் அவர், அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, சர்வ சாதாரணமாக. “சார் இங்க மாற்றலாகி வந்து ஒரு வருஷமாச்சு, வலதுக்கு இடதும்பாரு, இடதுக்கு வலதும்பாரு; அவர்கிட்ட பாஸான முதல் ஆளே உங்க ஆளுதான்!”